ஒன்றரையும் முக்காலும் நீங்களே சொல்லிக் கொடுக்கலாம்!

கணக்கு நோட்டைக் கண்டாலே சில குழந்தைகளுக்கு வயிற்றுவலி வந்துவிடும். அதிலும் கலப்பு பின்னம் என்றால் கேட்கவே வேண்டாம். “நமக்கே தெரியாது, குழந்தைக்கு எங்கே சொல்லிக் கொடுக்கிறது?” என்று ஒதுங்கிவிடாதீர்கள் சகோதரிகளே. முழு எண்ணும் பின்னமும் சேர்ந்ததுதான் கலப்பு பின்னம். ஒன்றரை லிட்டர் பால், இரண்டேகால் மீட்டர் துணி, மூன்றேமுக்கால் பவுன் என்று தினமும் நம் வாயில் வருவது அதுதானே!

அந்தக் காலத் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் எண்சுவடியைப் பிள்ளைகள் ராகம் போட்டு மனப்பாடம் செய்வார்கள். பின்னங்களும் அதில் உண்டு. காலில் பாதி அரைக்கால். அதில் பாதி வீசம். ரூபாய்க்கு 16 அணா இருந்தவரை ஓர் அணா என்பது வீசம் ரூபாய், நாலணா கால் ரூபாய். 1957 ஏப்ரல் 1 முதல் ரூபாய்க்கு 100 காசு என்று மாறியது. ஆனாலும் காலும் அரையும் நம் பேச்சை விட்டுப் போகவில்லை.

முதலில் கூட்டல். பையில் ஒன்றரை கிலோ உளுந்து, இரண்டேமுக்கால் கிலோ பாசிப்பயறு. மொத்தம் எத்தனை கிலோ? பல குழந்தைகள் மேலே உள்ளதை மேலேயும் கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டி, 3-ம் ஆறில் நாலும் என்று எழுதிவிடும். அடிக்காதீர்கள். “அரையும் முக்காலும் சேர்ந்தாலே ஒண்ணைத் தாண்டிடுமே, அப்போ விடை நாலைத் தாண்டணுமில்லே?” என்று கேளுங்கள். தானே யோசிக்கும்.

பிறகு எல்லாவற்றையும் காலாக்கச் சொல்லுங்கள். அரை என்பது இரண்டு கால். முக்கால் என்பது மூன்று கால். ஆக ஐந்து கால், அதாவது ஒன்றேகால். முழு எண்கள் ஒன்றும் இரண்டும் மூன்று. மொத்தம் நாலேகால் கிலோ. பகுதியைச் சமமாக்குவது என்று பாடப் புத்தகம் சொல்வது இதைத்தான்.

மூன்றில் ஒரு பங்கும் அரையும் வந்தால்? ஓர் அடி ஸ்கேலை எடுங்கள். 12 அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு 4, பாதி 6. சேர்ந்து பன்னிரண்டில் 10, அதாவது ஆறில் ஐந்து பங்கு.

இனி கழித்தல். நாலேகாலில் ஒன்றேமுக்கால் போனால் மீதி என்ன? காலில் முக்கால் போகாது. நாலில் ஒரு முழுசை உடைத்து நாலு காலாக்குங்கள். இப்போது மூன்று முழுசும் ஐந்து காலும் இருக்கிறது. ஒன்றும் மூன்று காலும் எடுத்தால் மீதி இரண்டரை. சரிபார்க்க, கடைக்காரர் சில்லறை எண்ணிக் கொடுப்பது போல் மேலே ஏறுங்கள். ஒன்றேமுக்காலிலிருந்து இரண்டுக்குக் கால். இரண்டிலிருந்து நாலேகாலுக்கு இரண்டேகால். சேர்த்தால் அதே இரண்டரை!

இது பரீட்சை மார்க்குக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். எங்கள் ஓட்டப்பிடாரம் பக்கம் வானம் பார்த்த கரிசல் பூமி. புரட்டாசி விதைப்புக்கு நகையை வைத்துக் கடன் வாங்கினால், தை, மாசியில் வெள்ளாமை வீடு வந்த பிறகுதான் பலரால் திருப்ப முடியும். ஓரிடத்தில் ஒன்றரை வட்டி, இன்னோரிடத்தில் இரண்டேகால் வட்டி என்பார்கள். நூறு ரூபாய்க்கு மாத வட்டி அது. “முக்கால் ரூபாய்தானே வித்தியாசம்” என்று தோன்றும். 20,000 ரூபாய்க்கு அந்த முக்கால், மாதம் 150 ரூபாய். வருஷத்துக்கு 1,800 ரூபாய்!

இந்தக் கழித்தலை மனசிலேயே போடத் தெரிந்த பெண், கையெழுத்துப் போடும் முன் நாலு கேள்வி கேட்பாள். பையனுக்கு மட்டுமல்ல, பெண் குழந்தைக்கும் இன்றைக்கே சொல்லிக் கொடுங்கள். பயறும் தராசும் போதும்.