பத்துக்கு எத்தனை?

நீரிழிவு, இரத்தக் கொதிப்பு, மூட்டுவாதம் போன்றவை வந்து போகும் நோய்கள் அல்ல. உடன் குடியிருக்க வருபவை. மருத்துவரின் முன் அமர்ந்திருப்பது மாதத்தில் சில நிமிடங்களே. எஞ்சிய நாள்களில் எதை உண்பது, எப்போது நடப்பது என்று தீர்மானிப்பவர் நோயாளியே. அதற்கு அவரை ஆயத்தப்படுத்துபவர் யார்?

அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய கேட் லோரிக் என்னும் செவிலியர், 1970களின் இறுதியில் மூட்டுவாத நோயாளருக்கென ஒரு பயிற்சியை உருவாக்கினார். பின்னர் அது பிற நாள்பட்ட நோய்களுக்கும் விரிந்தது. வாரம் ஒரு முறை, இரண்டரை மணி நேரம், ஆறு வாரங்கள். நடத்துவோர் இருவர், அவர்களுள் ஒருவரேனும் தாமே நாள்பட்ட நோயுடன் வாழ்பவர்.

அங்கு ஒவ்வொருவரும் வாரந்தோறும் தமக்கென ஒரு சிறு திட்டம் வகுக்கிறார். ‘இனி ஒழுங்காக நடப்பேன்’ என்றால் போதாது. எவ்வளவு நேரம், எப்பொழுது, வாரத்தில் எத்தனை நாள் என்று சொல்ல வேண்டும். பிறகு ஒரு கேள்வி: இதைச் செய்து முடிப்பீர்கள் என்னும் உறுதி பத்துக்கு எத்தனை? ஏழுக்குக் குறைந்தால் திட்டத்தையே சிறிதாக்குகிறார்கள். தவறியவரை எவரும் கடிந்துகொள்வதில்லை; தடை எதுவென்று குழுவே கூடி ஆராய்கிறது.

மூட்டுவாதப் பயிற்சியை ஆராய்ந்தோர் விந்தையான ஒன்றைக் கண்டனர். விளைந்த நன்மையை உடற்பயிற்சி கூடியதால் மட்டும் விளக்க இயலவில்லை. ‘என்னால் முடியும்’ என்ற நம்பிக்கை வளர்ந்ததோடுதான் அது அதிகம் இணைந்திருந்தது.

இங்கிலாந்தில் அரசே 2002இல் இப்பயிற்சியைத் தொடங்கியது. 2007இல் வெளிவந்த ஆய்வின்படி, பங்கேற்றோரின் நம்பிக்கையும் தெம்பும் ஓரளவு கூடின. மருத்துவ சேவையை அவர்கள் நாடுவது மட்டும் குறையவில்லை. செலவு மிச்சமாகும் என்று எண்ணியவர்களுக்கு இது ஏமாற்றமே. துணிவு பெற்ற நோயாளி மருத்துவரைத் தேடிப் போவது குறையா என்ன?

நம் இல்லங்களில் நடப்பதென்ன? ‘சொன்னால் கேட்பதே இல்லை, டாக்டர்’ என்று மகன் முறையிடுவார்; தாய் குற்றவாளிபோல் தலைகுனிந்து அமர்ந்திருப்பார். வீடு திரும்பியபின் இனிப்பை ஒளித்து உண்பார். மருந்தின் அளவை மருத்துவரே முடிவு செய்யட்டும். மற்றவற்றிலேனும், ‘அம்மா, இந்த வாரம் உங்களால் எது முடியும்?’ என்று கேட்கலாமே! இரவு உணவுக்குப் பின் பத்து நிமிடம், வாரத்தில் நான்கு நாள் நடப்பதாக அவர் கூறலாம். பத்துக்கு எத்தனை என்று கேளுங்கள். ஐந்து என்றால், நான்கு நாளை இரண்டாக்குங்கள்.