கல்லாவில் அமர்ந்த பிள்ளைக்குக் கடையில் உரிமை உண்டா?



கொள்முதல் பட்டியல், ஜி.எஸ்.டி. கணக்கு, தராசு முத்திரை என்று கடைக் காகிதங்களை நாம் ஒழுங்காக வைத்துக்கொள்கிறோம். வீட்டுக் காகிதங்களில்தான் அலட்சியம் காட்டுகிறோம்.

ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை வளர்ந்த பிறகு பல ஊர் மக்கள் இங்கே குடியேறினார்கள். சம்பந்தங்களும் அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டி நடக்கின்றன. கணவனை இழந்த பெண்ணை, அவள் குழந்தையோடு ஏற்று மறுமணம் செய்துகொண்டவர்களும் நம்மிடையே உண்டு. போற்றத்தக்க செயல்தான். ஆனால் பாசத்தால் வரும் தந்தை உறவு, சட்டத்தின் கண்ணில் தானாக வந்துவிடுவதில்லை.

பாகலூர் சாலையில் ஒரு மளிகைக் கடை என்று வைத்துக்கொள்வோம். முதலாளி ஒரு விதவையை மணக்கிறார். உடன் வந்த நான்கு வயதுப் பையன் 'அப்பா' என்றே அழைத்து வளர்கிறான், பொட்டலம் கட்டுகிறான், பிறகு கல்லாவில் அமர்கிறான். இதற்கிடையே இரண்டு பெண் குழந்தைகளும் பிறக்கின்றனர். முதலாளி உயில் எழுதாமல் திடீரென்று காலமாகிறார். கடை யாருக்கு?

1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கும் இரண்டு பெண்களுக்கும் சம பங்கு; முதலாளியின் தாயார் உயிருடன் இருந்தால் அவருக்கும் ஒரு பங்கு. பத்தாண்டு கல்லாவைக் காத்த பையனுக்கு எதுவும் இல்லை. தாய்க்குக் கிடைத்ததில், அவள் காலத்துக்குப் பின் தங்கைகளோடு அவனுக்கும் பங்கு வரலாம். அவ்வளவே.

இதற்கு வழி, முறையான தத்து. அதே 1956இல் வந்த இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டப்படி, பையனின் தந்தை இறந்திருந்தால் தாயே அவனைத் தத்து கொடுக்கலாம். விவாகரத்து ஆகி, தந்தை உயிருடன் இருந்தால் பொதுவாக அவர் சம்மதமும் வேண்டும். வழக்கம் இருந்தாலன்றி, பிள்ளைக்கு 15 வயது முடிந்திருக்கக் கூடாது. பெண் குழந்தையானால் தந்தைக்கும் அவளுக்கும் 21 ஆண்டு வித்தியாசம் தேவை. இரு தரப்பும் கையெழுத்திட்ட பத்திரத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்துவிட்டால், தத்து முறையாக நடந்ததாகவே நீதிமன்றம் முதலில் கொள்ளும்.

ஒரு தடை உண்டு. தமக்கு ஏற்கெனவே மகனோ மகன்வழிப் பேரனோ இருப்பவர், இச்சட்டப்படி ஆண் குழந்தையைத் தத்தெடுக்க முடியாது. அவருக்கு 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் வழிவிடுகிறது. எம்மதத்தவருக்கும் பொருந்துவதால் இஸ்லாமிய, கிறிஸ்தவ வணிகர்களும் இதைப் பயன்படுத்தலாம். 2022 செப்டம்பர் முதல் இதற்கான ஆணையை மாவட்ட ஆட்சியரே வழங்குகிறார். விவரம் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கிடைக்கும்.

இரண்டும் மத்தியச் சட்டங்கள் என்பதால் எல்லைக்கு இருபுறமும் செல்லும். ஆனால் குழந்தை பெங்களூரில் பிறந்திருந்தால், பிறப்புச் சான்றிதழ் திருத்தத்துக்கு அங்கேதான் விண்ணப்பிக்க வேண்டும்.

தத்தெடுத்தபின் அதை ரத்து செய்ய முடியாது. பெற்ற தந்தை இறந்தபோதே பிள்ளைக்குச் சேர்ந்த சொத்து அவனிடமே நிற்கும். ஆனால் அந்த வழித் தாத்தா பாட்டி பின்னால் விட்டுச்செல்வதில் வாரிசுரிமை போய்விடும். இதையும் யோசித்தே முடிவெடுக்க வேண்டும்.

ஆந்திரத்திலிருந்து வந்த அகெல்லா லலிதா வழக்கை இங்கே நினைவுகூர வேண்டும். 2006இல் கணவரை இழந்து, 2007இல் மறுமணம் செய்துகொண்டவர் அவர். பிள்ளையின் ஆவணங்களில் புதிய கணவரை 'மாற்றாந்தந்தை' என்று குறிக்குமாறு உயர் நீதிமன்றம் கூறியது. 28-7-2022 அன்று உச்ச நீதிமன்றம் அதை இரக்கமற்றது என்று தள்ளியது. பிள்ளையின் குடும்பப் பெயரை முடிவு செய்யும் உரிமை தாய்க்கு உண்டு என்றது. வழக்கு நடக்கும்போதே, 2019இல், அந்தக் கணவர் பதிவுப் பத்திரம் மூலம் பிள்ளையைத் தத்தெடுத்திருந்தார்.

தத்துக்கு வயது கடந்துவிட்டதா? இரண்டு சாட்சிகளுடன் இன்றே உயில் எழுதுங்கள். இந்துக்களும் கிறிஸ்தவர்களும் சுயார்ஜிதச் சொத்தை யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம்.

சரக்கு வந்து இறங்கியதும் பேரேட்டில் பதிகிறோம். நம்மை நம்பி வந்த பிள்ளையையும் காலம் தாழ்த்தாமல் பதிவு செய்வோம். வழக்கறிஞரைக் கலந்து இதை முடித்துக்கொள்ளுமாறு உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.