புயலுக்குப் பின் மலையேறும் ஜீப்புகள்

ஆனைகட்டி வழியாகக் கேரள மலைகளுக்குக் கிளம்பும் நண்பர் குழாம்கள் வண்டியை மாதக்கணக்கில் தயார் செய்கின்றன. பாதை என்ன ஆயிற்று என்று விசாரிப்பவர்கள்தான் குறைவு.

கோவையிலிருந்து வடமேற்கே சுமார் முப்பது கிலோமீட்டர். தடாகம், மாங்கரை தாண்டியதும் சாலை வளைந்து வளைந்து ஏறி ஆனைகட்டியில் கொண்டுபோய் விடுகிறது. கொடுங்கரைப் பள்ளத்துக்கு இந்தப் பக்கம் தமிழ்நாடு. அந்தப் பக்கம் பாலக்காடு மாவட்டத்தின் அட்டப்பாடி. ஃபோர் வீல் ஜீப் வைத்திருக்கும் கோவைக்காரர்களுக்கு மலைக்குப் போகும் வழிகளில் வீட்டுக்கு மிக அருகில் இருப்பது இதுதான். இங்கிருந்து நேர் மேற்கே அகளி, முக்காலி என்று போகலாம். கோவைக்கே திரும்பி பொள்ளாச்சி, உடுமலை, சின்னாறு, மறையூர் என்று சுற்றி இடுக்கியின் மூணாறுக்கும் போகலாம். இரண்டு திசையிலும் மழை பாதையை உடைத்துப் போட்ட கதைகள் ஏராளம். உடைந்த பாதை என்றால்தான் சிலருக்கு உற்சாகமே பிறக்கிறது என்பது வேறு விஷயம்.

ஆனைகட்டியில் நின்று வானத்தைப் பார்த்துப் பயணத்தைத் தீர்மானிப்பதுதான் முதல் தவறு. அட்டப்பாடியின் கிழக்குப் பகுதி மழை மறைவுப் பிரதேசம். தென்மேற்குப் பருவக்காற்று மேற்கு விளிம்பில் மழையைக் கொட்டிவிட்டு வறண்ட காற்றாக இந்தப் பக்கம் வருகிறது. ஆனைகட்டியில் புழுதி பறக்கும்போது, ஐம்பது கிலோமீட்டருக்குள் இருக்கும் முக்காலியில் ஓடைகள் கரைபுரண்டு ஓடக்கூடும். முக்காலியிலிருந்து மண்ணார்க்காட்டுக்கு இறங்கும் கொண்டை ஊசி வளைவுச் சாலை 2017 செப்டம்பரில் மண்சரிவால் அடைபட்டது. அப்படி அடைபடும் நாட்களில் அட்டப்பாடிக்கு எஞ்சும் பெரிய வாசல் ஆனைகட்டிதான். பாலக்காட்டுக்குப் போக வேண்டியவர்கள் தமிழ்நாட்டுக்குள் இறங்கி, கோவை, வாளையார் வழியாகச் சுற்றிப் போகிறார்கள். அந்த நேரத்தில் இதே சாலையில் பத்து ஜீப்புகள் வரிசையாக உல்லாசப் பயணம் கிளம்புவது யாருக்கும் உதவாது.

எனவே முதலில் பார்க்க வேண்டியது கேரளத்துக்கான வானிலை எச்சரிக்கை. 24 மணி நேரத்தில் 64.5 முதல் 115.5 மில்லிமீட்டர் வரை மழை எதிர்பார்க்கப்பட்டால் மஞ்சள். 204.4 வரை ஆரஞ்சு. அதற்கு மேல் சிவப்பு. பலர் சிவப்புக்கு மட்டும் பயப்படுகிறார்கள். ஆனால் ஏற்கெனவே ஒரு வாரம் நனைந்து ஊறிய சரிவுக்கு மஞ்சள் மழையே போதும். மண்ணுக்குள் நீர் நிறைந்து அழுத்தம் கூடும்போது, மண் பாறையைப் பிடித்திருக்கும் பிடியை விடுகிறது. மழை நின்று வெயில் அடித்த பிறகும் சரிவு இறங்குவது அதனால்தான். மழை ஓய்ந்த மறுநாளே கிளம்புவதைவிடச் சில நாள் பொறுப்பது நல்லது.

புயல் என்றால் கடலோர விவகாரம் என்ற எண்ணமும் மாற வேண்டும். 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா, டெல்டாவின் தென்னைகளைச் சாய்த்ததோடு நிற்கவில்லை. உள்நாட்டுக்குள் நகர்ந்து கொடைக்கானல் மலையில் மரங்களை முறித்து, வலுவிழந்தபடி கேரளத்துக்குள் போய் இடுக்கியிலும் மழை கொட்டியது. அதற்கு மூன்றே மாதம் முன்புதான், ஆகஸ்ட் பெருவெள்ளத்தில், அதே இடுக்கி நூற்றுக்கணக்கான இடங்களில் சரிந்திருந்தது. ஒரு மலைப் பாதை ஒரு மழையில் உடைவது அபூர்வம். முதல் மழை அடியை அரிக்கும், அடுத்தது மேலே இருப்பதை இறக்கும்.

கண்ணுக்குத் தெரியும் சேதம் பெரிய ஆபத்து அல்ல. பாதி சாலை போயிருந்தால் எந்த ஓட்டுநரும் நின்றுவிடுவார். மேலே தார் அப்படியே இருக்க, கீழே சிறு பாலத்தின் பக்கவாட்டு மண் அரித்துப்போயிருப்பதுதான் ஆளை விழுங்கும். இடுக்கியின் சில பகுதிகளில் நிலத்தடியில் மண் கரைந்து குழல் குழலாக ஓட்டை விழும் வழக்கமும் உண்டு. மேலே புல் பசுமையாக இருக்கும், உள்ளே வெற்றிடம். சாய்ந்த மரமும் அப்படித்தான். அடிமரம் வளைந்து முறுக்கேறி நிற்கும். தெரியாமல் நடுவில் அறுத்தால் வில் போலத் தெறித்து அடிக்கும். மரம் அறுக்கத் தெரிந்தவர் குழுவில் இல்லையென்றால் வண்டியைத் திருப்புவதே மேல். வனத்துறை எல்லைக்குள் விழுந்த மரத்தை அறுக்கவும் அனுமதி வேண்டும் என்பது பலருக்குத் தோன்றுவதே இல்லை.

இதனால் அனுபவமுள்ள குழுக்கள் ஒரு வேலை செய்கின்றன. முழுக் குழுவும் கிளம்புவதற்கு முன் ஒரே ஒரு வண்டியில் இரண்டு பேர் போய்ப் பார்த்து வருகிறார்கள். சந்தேகமான இடத்தில் இறங்கி நடக்கிறார்கள். ஓடையில் கம்பு விட்டு ஆழம் பார்க்கிறார்கள். ஓடும் நீர் ஓர் அடி இருந்தாலே சிறிய காரைத் தூக்கிவிடும், இரண்டடி இருந்தால் பெரும்பாலான வண்டிகளை அடித்துக்கொண்டு போய்விடும். உயரமான டயர் போட்ட ஜீப்புக்குக் கொஞ்சம் சலுகை உண்டு, அவ்வளவுதான். காலையில் முழங்கால் அளவு ஓடிய தண்ணீர் மலையில் மதிய மழை பெய்தால் மாலையில் இடுப்புக்கு வரும். அந்தப் பக்கம் போவதற்கு முன் இந்தப் பக்கம் திரும்பும் நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

குழுவில் எத்தனை வண்டி என்பதில் ஆசைக்கு அளவு வேண்டும். ஒற்றை வண்டியாகப் போகக் கூடாது, இழுத்துவிட ஆள் இருக்காது. அதே சமயம் ஐந்தாறுக்கு மேல் போனால் நேரம் முழுக்கக் காத்திருப்பதிலேயே கழியும். பின்னால் வருகிறவர் சிக்கியது முன்னால் போகிறவருக்குத் தெரியாது. வழி தெரிந்தவர் முதலில், இழுக்கும் கருவிகளும் அனுபவமும் உள்ளவர் கடைசியில், புதியவர்கள் நடுவில் என்பது பழைய ஏற்பாடு. மாற்றத் தேவையில்லை. ஏற்றத்தில் முன்வண்டி உச்சியைத் தொட்டுவிட்டதாகக் குரல் வந்த பிறகே அடுத்தது கிளம்ப வேண்டும். ஏறமுடியாமல் பின்னோக்கி உருளும் ஜீப்புக்கு நேர்ப் பின்னால் இன்னொரு ஜீப் இருந்தால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. இறக்கத்தில் பிரேக்கை நம்பாமல் லோ கியரில் எஞ்சினே வண்டியைப் பிடித்து இறக்கட்டும். கம்பிவடம் போட்டு இழுக்கும்போது அதன் மேல் ஒரு கனத்த சாக்கைப் போர்த்திவிட்டு எல்லோரும் விலகி நிற்க வேண்டும். அறுந்த வடம் சவுக்கு மாதிரி திரும்பும். செல்போனில் படம் எடுப்பவர்தான் பெரும்பாலும் அதன் அருகே நிற்கிறார்.

செல்போன் பற்றிப் பேச்சு வந்துவிட்டதால், பெட்டிமுடியை நினைவுகூர வேண்டும். மூணாறு ராஜமலை அருகே அந்தத் தேயிலைத் தோட்டக் குடியிருப்பின் மீது 2020 ஆகஸ்ட் 6 இரவு மலை சரிந்தது. எழுபது உயிர்கள் போயின. பெரும்பாலும் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள், பலருக்குச் சொந்த ஊர் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாறு. மின்சாரமும் தொலைத்தொடர்பும் அற்றுப்போயிருந்த அந்த இரவில் நடந்தது, வெளியுலகுக்கு மறுநாள் காலையில்தான் தெரிந்தது. நான்கு வரிசை லயன் வீடுகள் புதைந்த செய்தியே அப்படி வந்தது என்றால், பள்ளத்தில் உருண்ட ஒரு ஜீப்பின் செய்தி எப்போது வரும்? உரிமம் தேவைப்படாத குறைந்த சக்தி வாக்கிடாக்கிகள் வண்டிக்கு வண்டி பேச உதவும், மலை தாண்டாது. வெளிநாட்டிலிருந்து நண்பர் கொண்டுவந்த சேட்டிலைட் போனை அனுமதியின்றி வைத்திருந்தால் வழக்கு வரும். எஞ்சுவது பழைய முறைதான். எந்தத் தடம், எத்தனை பேர், எத்தனை மணிக்குள் திரும்புவோம் என்பதை எழுதி ஊரில் ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போவது. குறித்த நேரம் தாண்டினால் அவர் 112-க்கோ, 1077 என்ற மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கோ பேசுவார்.

அனுமதிதான் இந்த விவகாரத்தில் மிகவும் அலட்சியமாக நடத்தப்படுவது. 2018 மார்ச் 11 அன்று குரங்கணி காட்டுத்தீயில் சிக்கிய மலையேற்றக் குழுவினரில் 23 பேர் இறந்தார்கள். அவர்கள் இறங்கி வந்தது கொழுக்குமலையிலிருந்து. அந்த மலையே ஒரு விசித்திரம். நிலம் தேனி மாவட்டத்தில், ஜீப் பாதை இடுக்கி மாவட்டத்துச் சூரியநெல்லியிலிருந்து. கரடுமுரடான அந்தப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் உள்ளூர் ஜீப்காரர்கள் பயணிகளை ஏற்றிப் பிழைக்கிறார்கள். மேலே போனவர்கள் யார், எத்தனை பேர், எந்த வழியாக இறங்குவார்கள் என்ற கணக்கு இரண்டு மாநிலங்களுக்கு நடுவே தொலைந்துபோக வாய்ப்புள்ள இடம் அது. ஆனைகட்டிக்கும் இது பொருந்தும். பள்ளத்தைத் தாண்டினால் வேறு மாநிலம், வேறு வனக்கோட்டம், வேறு போலீஸ்.

இடுக்கியில் ஆட்சியர்கள் ஆஃப்ரோடு கூட்டங்களுக்கு அடிக்கடி கடிவாளம் போட்டிருக்கிறார்கள். 2022 மே மாதம் வாகமண்ணில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நடந்த ஜீப் சாகசத்தில் கலந்துகொண்ட மலையாள நடிகர் ஒருவர் மீதே மோட்டார் வாகனத் துறை நடவடிக்கை எடுத்து அபராதம் வசூலித்தது. 2025 ஜூலையில் மூணாறு அருகே ஜீப் கவிழ்ந்து தமிழ்நாட்டுப் பயணி ஒருவர் இறந்தபோது, மாவட்டம் முழுவதும் ஜீப் சவாரிக்கே தடை வந்தது. பிறகு தேர்ந்தெடுத்த தடங்களில் நிபந்தனைகளோடு திறந்தார்கள். தடை நாட்களில் அடி வாங்கியவர்கள் உள்ளூர் ஓட்டுநர்கள். அவர்களில் கவனமாக ஓட்டியவர்களும் அடக்கம். வெளியூரிலிருந்து சொந்த ஜீப்பில் வந்தவர்கள் அடுத்த வாரம் வேறு மலைக்குப் போயிருப்பார்கள்.

காப்பீட்டையும் கேட்டுக்கொள்வது நல்லது. பந்தயம், வேகச் சோதனை போன்றவற்றுக்கு வழக்கமான மோட்டார் பாலிசி பொருந்தாது. ஜீப்பின் கட்டுமானத்தை மாற்றிப் பெரிய டயரும் உயரமான சஸ்பென்ஷனும் போட்டிருந்தால் செக்போஸ்ட்டிலேயே கேள்வி எழும். வெள்ளை நம்பர் பலகை வண்டியில் காசு வாங்கி ஆள் ஏற்றுவதும் குற்றம்தான்.

ஆனால் சட்டம் தொடாத ஒரு விஷயம் இருக்கிறது. அட்டப்பாடியில் ஜீப் பொழுதுபோக்கு வாகனம் அல்ல. அகளி, புதூர், ஷோலையூர் ஊராட்சிகளின் உள்ளே இருக்கும் இருளர், முடுகர், குறும்பர் ஊர்களுக்கு அரிசி போவதும் ஆள் போவதும் அதில்தான். ஜீப்பும் போகாத ஊர்களிலிருந்து நோயாளிகளைத் துணித் தொட்டிலில் கட்டித் தூக்கிவந்த சம்பவங்கள் இங்கே நடந்திருக்கின்றன. மழையில் ஊறிய மண் பாதையில் ஐந்து கனத்த வண்டிகள் அடுத்தடுத்து ஏறினால் சக்கரத் தடம் அடி ஆழத்துக்குப் பதிகிறது. அடுத்த மழையில் அந்தத் தடமே வாய்க்கால். ஞாயிறு மாலை நண்பர்கள் கோவையில் ஜீப்பைக் கழுவிக்கொண்டிருப்பார்கள். திங்கட்கிழமை அந்தப் பாதையில் ஏற வேண்டியது பள்ளிக்கூடத்துக்குப் போகும் பிள்ளைகளும் பிரசவத்துக்குப் போகும் பெண்ணும்.

அதனால் ஊர்க்காரர்களைக் கேட்பது மரியாதைக்காக மட்டுமல்ல. எந்த ஓடை இந்த வருடம் திசை மாறியது, எந்த வளைவில் யானை நிற்கிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். வரைபடத்தில் கோடாகத் தெரிவதில் பாதி, மரம் வெட்டி இறக்குவதற்காக எப்போதோ போட்டுக் கைவிட்ட கூப்பு சாலைகள். வழிகாட்ட உள்ளூர் ஓட்டுநர் ஒருவரைக் கூலி கொடுத்து முன்வண்டியில் உட்காரவைத்தால் பாதிக் கவலை தீரும். எதிர்மாறாக, பேரிடர் நாட்களில் இந்த ஜீப் குழுக்களே உதவிக்கு வந்திருக்கின்றன. 2018 வெள்ளத்திலும், 2024 ஜூலை 30 அன்று வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலை சரிந்தபோதும், மற்ற வண்டிகள் நுழைய முடியாத சேற்றில் ஃபோர் வீல் ஜீப்புகள் ஆட்களையும் பொருட்களையும் ஏற்றி இறக்கின. அதே கைத்திறன்தான். அங்கே யாரோ கேட்டுக்கொண்டு, மீட்புக் குழு சொன்ன இடத்துக்குப் போனார்கள்.

உடைந்த பாதை எல்லாம் மறுபடி திறக்கும் என்பதும் நிச்சயமில்லை. 1924 ஜூலை பெருமழையில் மூணாறின் குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில் போனது போனதுதான். ஆலுவாயிலிருந்து பூயங்குட்டி வழியாக மூணாறுக்கு வந்த பழைய ராஜபாதையும் அந்த மழையில் கரிந்திரி மலை சரிந்து அறுந்தது. நேரியமங்கலம் வழியாகப் புதுச் சாலை போட்டு, 1935-இல் அங்கே பெரியாற்றின் மேல் பாலமும் திறந்தார்கள். பழைய பாதையைத் திறக்கச் சொல்லி அப்பகுதி மக்கள் இன்னும் கேட்கிறார்கள், வனத்துறை மறுக்கிறது. அந்தக் காட்டில் ஜீப் ஓட்டும் கனவு பலருக்கு உண்டு. தடம் இருக்கிறது, அனுமதி இல்லை.

அனுமதியோடு காட்டுக்குள் ஜீப்பில் போக விரும்புகிறவர்களுக்கு ஆனைகட்டியிலிருந்து மேற்கே எளிய வழி ஒன்று உண்டு. முக்காலியில் வனத்துறை அலுவலகத்தில் பதிவு செய்தால், அங்கீகரித்த ஜீப்பில் சைலன்ட் வேலி தேசியப் பூங்காவுக்குள் சைரந்திரி வரை சுமார் 23 கிலோமீட்டர் அழைத்துப் போகிறார்கள். சொந்த வண்டியை முக்காலியிலேயே நிறுத்திவிட வேண்டும். கனமழை நாட்களில் அந்த ஜீப்புகளும் கிளம்பாது. கிளம்புவதற்கு முந்தைய நாள் போன் செய்து கேட்டுக்கொள்வது நல்லது.