லேப்டாப்தானே... கொஞ்சம் பொறுங்க பாஸ்!

"சீட் கிடைச்சாச்சா? அப்போ லேப்டாப் எப்போ?" கவுன்சலிங் முடிஞ்ச அன்னிக்கே சித்தப்பா கேட்பார், எதிர்வீட்டு ஆன்ட்டி கேட்பாங்க... ஏன், சிலிண்டர் போட வர்ற அண்ணன்கூடக் கேட்பார். நீங்களும் அப்பாவைக் கூட்டிக்கிட்டு கடைக்குக் கிளம்பிடுவீங்க. ஸ்டாப்! இந்த தேர்டு இயர் மெக்கானிக்கல் அண்ணனோட சோகக் கதையை ஒரு நிமிஷம் கேட்டுட்டுப் போங்க.

2023-ல் அட்மிஷன் போட்ட அதே வாரம் நான் வாங்கினேன். அம்மாவின் செயின் அடகுக் கடைக்குப் போச்சு, 48,000 ரூபாய் லேப்டாப் வீட்டுக்கு வந்துச்சு. முதல் செமஸ்டரில் அதுல நான் செஞ்ச ஒரே உருப்படியான வேலை, பைதான் புரோகிராம். காலேஜ் லேப் சிஸ்டத்துக்கே அது ஜுஜுபி! ரெண்டாவது செமஸ்டர் இன்ஜினீயரிங் கிராஃபிக்ஸுக்குத் தேவைப்பட்டது டிராஃப்டரும் டிராயிங் ஷீட்டும்தான். மத்த நேரமெல்லாம்? படம் பார்த்தேன்... ஹி... ஹி!

அஞ்சாவது செமஸ்டரில் 3டி மாடலிங், அனாலிசிஸ்னு நிஜமான வேலை வந்துச்சு. அப்போ பார்த்து என் 8 ஜிபி ரேம் மூச்சு வாங்குது. ரேமைக் கூட்டலாம்னா, போர்டிலேயே சால்டரிங் பண்ணின மாடலாம். பேட்டரி 40 நிமிஷம்கூட நிக்கலை. ஒரு வருஷ வாரன்டி எப்பவோ காலாவதி!

என் ரூம்மேட் செகண்ட் இயரில்தான் வாங்கினான். சீனியர்களிடம் 'என்ன சாஃப்ட்வேர் யூஸ் பண்றீங்க?' என்று கேட்டு எழுதிக்கிட்டு, 16 ஜிபி ரேமோடு வாங்கினான். என்னைவிட 5,000 ரூபாய்தான் அதிகம். இப்போ என் அசைன்மென்ட்டும் அவன் லேப்டாப்பில்தான் ஓடுது.

அப்போ எல்லாருமே காத்திருக்கணுமா? அதுதான் இல்லை. கம்ப்யூட்டர் சயின்ஸ், ஐ.டி. மக்கள் முதல் மாசத்திலிருந்தே தினமும் கோடிங் பழகணும். லேப் சாயந்திரமே பூட்டிடும். வீட்டிலும் சிஸ்டம் இல்லைன்னா, தயங்காம வாங்கிடுங்க. 'வெயிட் பண்ணினா விலை குறையும்'னு மட்டும் கணக்குப் போடாதீங்க. ஏ.ஐ. சர்வர்களுக்கான டிமாண்டால் 2025 கடைசியில் மெமரி சிப் விலை ஏறின கதையும் இருக்கு. விலைக்காகக் காத்திருக்காதீங்க, வேலைக்காகக் காத்திருங்க.

கடைக்குப் போறதுக்கு முன்னாடி மூணு விஷயம்...

ஒண்ணு, கல்விக் கடன் வாங்குறீங்களா? படிப்புக்குத் தேவைன்னா கம்ப்யூட்டர் வாங்கும் செலவையும் அதில் சேர்க்க வழி இருக்கு. அப்ளை பண்றப்போவே பேங்க்கில் கேட்டுடுங்க. இது தெரியாமத்தான் நான் செயினில் கை வெச்சேன்.

ரெண்டு, 2025-26 பட்ஜெட்டில் தமிழக அரசு, கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு ரெண்டு வருஷத்தில் டேப்லெட் அல்லது லேப்டாப் என்று அறிவிச்சது. உங்க காலேஜுக்கு அது உண்டா, இல்லையான்னு ஆபீஸ்ல விசாரிங்க. பணம் கட்டின பிறகு விசாரிச்சா வயிறுதான் எரியும்!

மூணு, ரிச்சி ஸ்ட்ரீட்டில் செகண்ட் ஹேண்ட் பார்க்கிறவங்க உஷார். விண்டோஸ் 10-க்கான சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ல் முடிஞ்சது. விண்டோஸ் 11-க்கு, இன்டெல் என்றால் பொதுவா எட்டாவது ஜெனரேஷன் பிராசஸராவது வேணும். 'சூப்பரா ஓடுது தம்பி'ங்கிற வார்த்தையை மட்டும் நம்பாம ஜெனரேஷன் என்னன்னு பாருங்க.

ஸோ, சித்தப்பா கேட்டா, "சிலபஸ் கேட்கட்டும், அப்புறம் வாங்கிக்கிறேன்"னு கூலா சொல்லுங்க. அந்த ஒரு வார்த்தையை நான் சொல்லியிருந்தா, போன வாரம் நடந்த அக்கா நிச்சயதார்த்தத்தில் அம்மா கவரிங் செயின் போட்டுக்கிட்டு நின்னிருக்க மாட்டாங்க!