பழைய டிரக்குக்கு ஒரிஜினல் ஆர்.பி.எம் மீட்டர்... மாட்டுறது ஈஸி, உண்மையைச் சொல்ல வைக்கிறதுதான் கஷ்டம்!

உங்க பைக் கன்சோல்ல ஸ்பீடோமீட்டருக்குப் பக்கத்துல ஆர்.பி.எம் மீட்டர் இருக்குல்ல? சிக்னலில் நிற்கும்போது சும்மா ஆக்ஸிலரேட்டரைத் திருகி, அது ஏறி இறங்குவதை வேடிக்கை பார்க்காதவர்கள் குறைவு. அதன் முழுப்பெயர் டேக்கோமீட்டர். இன்ஜினுக்குள் இருக்கும் கிராங்க் ஷாஃப்ட் நிமிஷத்துக்கு எத்தனை முறை சுற்றுகிறது என்பதைத்தான் அது காட்டுகிறது.

இந்தச் சின்ன மீட்டருக்காக, பழைய வண்டிகளை உடைத்து விற்கும் யார்டுகளில் தேடி அலையும் ஒரு கூட்டம் அமெரிக்காவில் இருக்கிறது. எல்லோரும் 1973 முதல் 1987 வரை வந்த செவர்லே பிக்-அப் டிரக் வைத்திருப்பவர்கள். பெட்டி மாதிரி சதுரமாக இருப்பதால் ரசிகர்கள் அதை 'ஸ்கொயர் பாடி' என்று கூப்பிடுகிறார்கள். அந்தக் காலத்தில் டேக்கோமீட்டர் கூடுதல் காசு கொடுத்தால் மட்டும் கிடைக்கும் ஆப்ஷன். வைக்கோல் ஏற்றவும் சிமென்ட் மூட்டை தூக்கவும் வண்டி வாங்கியவர்களில் பெரும்பாலானோர் அதைக் கேட்கவே இல்லை. அந்த இடத்தில், ஸ்பீடோமீட்டர் சைஸுக்கு ஒரு பெரிய ஃப்யூயல் மீட்டர்தான் உட்கார்ந்திருக்கும்.

அது எதுக்கு இப்போ? மேனுவல் கியர் வண்டியில் டிரெய்லரை இழுத்துக்கொண்டு மேடு ஏறும்போது, இன்ஜின் முக்கி முனகுகிறதா, தாறுமாறாகச் சுற்றுகிறதா என்று காதை மட்டும் நம்பிச் சொல்ல எல்லோராலும் முடியாது. ஸ்டீயரிங் தண்டில் கிளாம்ப் போட்டு மாட்டும் வெளி மீட்டர் கடையில் கிடைக்கிறது. வேலை நடந்தால் போதும் என்றால் தாராளமாக அதையே வாங்கலாம். ஆனால் ஃபேக்டரியில் இருந்தே இப்படித்தான் வந்தது என்று தோன்ற வேண்டும் என்பதுதானே இவர்கள் ஆசை!

முதல் சிக்கல் டேஷ்போர்டில். பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, ஸ்பீடோமீட்டர் கேபிளை விடுவித்து, மீட்டர் பெட்டியை வெளியே எடுக்க வேண்டும். ஆட்டோமேட்டிக் வண்டி என்றால், கியர் காட்டும் முள்ளுக்கு ஸ்டீயரிங் தண்டில் இருந்து மெல்லிய கயிறு ஒன்று வரும். அவசரத்தில் அதை மறந்து இழுத்தால் பட்டென்று போய்விடும். பெட்டியின் முதுகில் வயர்களுக்குப் பதில், பிளாஸ்டிக் தாளில் ஒட்டிய தாமிரக் கோடுகள்தான் இருக்கும். நாற்பது வருஷப் பழசு. அப்பளம் மாதிரி நொறுங்க வாய்ப்பு உண்டு. தவிர, டேக்கோமீட்டர் உள்ள பெட்டிக்கு இந்தத் தாளே வேற டிசைன். பெரிய வட்டத்தை டேக்கோமீட்டர் எடுத்துக்கொள்வதால், ஃப்யூயல் மீட்டர் சின்ன வட்டத்துக்குக் குடிபோகிறது. ஆக, யார்டில் மீட்டரை மட்டும் வாங்கினால் போதாது. முழுப் பெட்டியாக வாங்குவதுதான் புத்திசாலித்தனம்.

உங்க வண்டியில் ஆயில் பிரஷருக்கு வெறும் வார்னிங் லைட்தான் இருந்தது என்றால், இன்ஜினில் இருக்கும் சென்சாரையும் மாற்றணும். லைட்டுக்கான சென்சாருக்கு 'ஆன்', 'ஆஃப்' மட்டும்தான் தெரியும். அதோடு முள்ளை இணைத்தால், ஏதாவது ஒரு ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டு நிற்கும்.

அடுத்தது வயர். இதில் கவனம் தேவை பாஸ். 1975-ல் இருந்து இந்த வண்டிகளில் எலெக்ட்ரானிக் இக்னிஷன் வந்துவிட்டது. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியிலேயே 'டேக்' என்று எழுதிய முனை இருக்கும். ஒவ்வொரு ஸ்பார்க்குக்கும் ஒரு துடிப்பு அங்கே கிடைக்கும். அங்கிருந்து கேபினுக்கு ஒரே ஒரு வயர், அவ்வளவுதான். ஆனால் அந்த வயர் எங்காவது தோல் உரிந்து பாடியில் பட்டால், ஸ்பார்க் நின்று இன்ஜின் அந்த இடத்திலேயே ஆஃப் ஆகிவிடும். ஹைவேயில், வேகமாகப் போய்க்கொண்டிருக்கும்போது இது நடந்தால் யோசித்துப் பாருங்கள். இக்னிஷன் மாட்யூலோ காயிலோ சேர்ந்து போகவும் வாய்ப்பு உண்டு. அதனால், தகட்டில் வயர் நுழையும் ஓட்டையில் ரப்பர் புஷ் கட்டாயம். சூடான எக்ஸாஸ்ட் பக்கமும், ஸ்பார்க் பிளக் வயர்கள் பக்கமும் போகாமல் சுற்றி எடுத்து வரணும்.

மாட்டியாச்சு, முள் ஆடுது. ஆனால் சொல்வது உண்மையா? இதை நிறைய பேர் பார்ப்பதே இல்லை. ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜினில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை தீப்பிடிக்கும். எட்டு சிலிண்டர் வி8-ல் ஒரு சுற்றுக்கு 4 ஸ்பார்க், ஆறு சிலிண்டரில் 3. வி8 டிரக்கில் இருந்து கழற்றிய மீட்டரை ஆறு சிலிண்டர் வண்டியில் அப்படியே மாட்டினால், இன்ஜின் 4,000-ல் சுற்றும்போது முள் 3,000 என்று சொல்லும். பாதுகாப்பான வேகம்தான் என்று நம்பி இன்னும் மிதிப்பீர்கள். மீட்டரே இல்லாமல் காதை நம்பி ஓட்டியதே பரவாயில்லை என்று ஆகிவிடும்! ஒரே சிலிண்டர் எண்ணிக்கையாக இருந்தாலும், பழைய மீட்டரின் எலெக்ட்ரானிக் பாகங்கள் வயசாகித் தடம் மாறியிருக்கலாம். மெக்கானிக்கிடம் இருக்கும் டேக்கோமீட்டரோடு ஐடிலிங்கிலும், கொஞ்சம் ஏற்றியும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் டேஷ்போர்டை மூடணும்.

'எங்க ஊர் டீசல் வண்டியில இப்படிச் செய்யலாமா?' என்று கேட்டால், இதே வழியில் முடியாது. டீசல் இன்ஜினில் ஸ்பார்க்கே கிடையாதே! பல டீசல் வண்டிகளில் ஆல்டர்னேட்டரில் இருந்து துடிப்பை எடுப்பார்கள். அங்கே புல்லி சைஸைப் பொறுத்துக் கணக்கு மாறும்.

கடைசியாக, போலீஸ் கேஸ் வரை போகக்கூடிய சமாச்சாரம் ஒன்று. யார்டில் வாங்கிய பெட்டியில் இருக்கும் ஓடோமீட்டர் வேறொரு வண்டி ஓடிய மைலைக் காட்டும். ஓடோமீட்டரில் ஏமாற்றுவதைத் தடுக்க அமெரிக்காவில் 1972-லேயே சட்டம் வந்துவிட்டது. மாற்றும் மீட்டரில் பழைய எண்ணையே கொண்டுவர முடியாவிட்டால், பூஜ்ஜியத்தில் வைத்துவிட்டு, முன்பு ஓடிய மைலையும் மாற்றிய தேதியையும் எழுதி இடது பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்ட வேண்டும். அங்கே அதுதான் டிரைவர் பக்கம்.

ஸ்டிக்கர் ஒட்ட மனசு வராதவர்கள் பின்பற்றும் வழி ஒன்று இருக்கிறது. தன் பழைய பெட்டியில் இருந்து ஸ்பீடோமீட்டரை மட்டும் ஸ்க்ரூ கழற்றி எடுத்து, புதுப் பெட்டிக்குள் வைத்துவிடுகிறார்கள். ஓடோமீட்டர் அதனுள்ளேயே இருப்பதால் எண்ணும் கூடவே வந்துவிடும். ஐந்து இலக்க மீட்டர் என்பதால், 99,999 தாண்டி அது ஏற்கெனவே எத்தனை முறை பூஜ்ஜியத்துக்குத் திரும்பியிருக்கிறது என்பது மட்டும் பழைய ஓனருக்குத்தான் வெளிச்சம்!