உங்களுக்குத் தெரியுமா? தண்ணியில்லாக் காட்டிலிருந்து அருவிக்கு

"தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திருவேன்" என்று சினிமாவில் மேலதிகாரி மிரட்டினால், அந்தக் காடு எங்கள் ராமநாதபுரம்தான் என்று சொல்லாமலே எல்லாருக்கும் புரியும். அந்த ஊர்க்காரனுக்கு அருவியைப் பற்றி என்ன பேச்சு என்கிறீர்களா? தலைமடைக்காரனுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்ற கவலையே இல்லை. ஏன் இன்னும் வரவில்லை என்று மலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பவன் கடைமடைக்காரன். கொஞ்சம் சொல்லிவிட்டுப் போகிறேன்.

✦

ராமேஸ்வரத்திலும் மலை உண்டு. கந்தமாதன பர்வதம். கோயிலிலிருந்து வடக்கே சுமார் 3 கிலோமீட்டர். பெயர்தான் பர்வதம், ஆள் ஒரு மணல்மேடு. ஆனாலும் தீவிலேயே உயரமான இடம் அதுதான். மேலே ராமர் பாதம் இருக்கிறது. மண்டபத்து மாடியில் நின்றால் குடை விரித்ததுபோல் உடைமரங்கள், அதற்கப்பால் கடல். ஏறி முடிக்கும்போது மூச்சுகூட வாங்காது.

✦

'நீர்வீழ்ச்சி' பாடப்புத்தகத்தில் வந்து ஒட்டிக்கொண்ட சொல். 'அருவி' சங்க காலத்துக்காரர்களுக்கே பழகிய சொல். பத்துப்பாட்டில் ஒரு நூலின் பெயரே மலைபடுகடாம். மலையை யானையாக வைத்து, அதில் பிறக்கும் ஓசைகளை அந்த யானையின் மதமாக (கடாம்) சொன்ன பெயர். அருவிச் சத்தமும் அந்த ஓசைகளில் ஒன்று. குற்றாலத்தில் யாரும் "நீர்வீழ்ச்சியில் குளித்தேன்" என்று சொல்லி நான் கேட்டதில்லை.

✦

ராமநாதபுரத்திலிருந்து காலையில் கிளம்பி இரவு வீடு திரும்பிவிடக்கூடிய அருவி ஒன்று உண்டு: சிறுமலை அடிவாரத்தில், வாடிப்பட்டிப் பக்கம் குட்லாடம்பட்டி. தாடகை நாச்சியம்மன் அருவி என்றும் சொல்வார்கள். சின்ன நடைதான். நவம்பர், டிசம்பர் மழைக்குப் பிறகு போனால் அருவி. ஏப்ரலில் போனால் பாறை.

✦

தமிழ்நாட்டிலேயே உயரமான அருவி தலையாறு. வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் ஏறும்போது டம் டம் பாறையில் பேருந்தை நிறுத்துவார்கள். எதிர்மலையில் வெள்ளை நூலாகத் தொங்கும். எலிவால் அருவி என்று பெயர் வந்ததும் அதனால்தான். உயரம் 297 மீட்டர். அந்தத் தண்ணீர் மஞ்சளாற்றில் இறங்கி, மஞ்சளாறு வைகையில் சேர்ந்து, வைகை யாருடைய கண்மாய்க்கு வரவேண்டும் தெரியுமா? எங்கள் ராமநாதபுரம் பெரிய கண்மாய்க்கு. (வரவேண்டும் என்றுதான் சொன்னேன்.)

✦

அருவியின் அடியில் விழுந்த தண்ணீர், உச்சியிலிருந்ததைவிடக் கொஞ்சம் சூடாக இருக்க வேண்டும். உயரத்திலிருந்து விழும் ஆற்றல் வெப்பமாக மாறுவதுதான் காரணம். கணக்குப் போட்டால் தலையாற்றுக்கு 0.7 டிகிரி செல்சியஸ் வருகிறது. ஜேம்ஸ் ஜூல் 1847-இல் தேனிலவுக்குப் போன இடத்தில்கூட வெப்பமானியைத் தூக்கிக்கொண்டு அருவியை அளக்கக் கிளம்பினார் என்று கெல்வின் பிரபு பின்னாளில் கதையாகச் சொல்லிவைத்தார். புதுமணப்பெண் என்ன நினைத்தார் என்று கெல்வின் சொல்லவில்லை. நமக்கு மட்டும் அருவியடியில் ஏன் குளிர்கிறது? சாரல் ஆவியாகும்போது காற்றிலிருந்தும் நம் தோலிலிருந்தும் வெப்பத்தைப் பிடுங்கிக்கொண்டு போகிறது. மண்பானைத் தண்ணீர் குளிரும் அதே வழிதான்.

✦

பெரியகுளத்துக்குப் பக்கத்தில், கொடைக்கானல் மலையின் காலடியில் கும்பக்கரை. இங்கே அருவி தலைக்கு மேலிருந்து கொட்டுவதில்லை. பெரிய பாறைச் சரிவில் வழுக்கிக்கொண்டு இறங்குகிறது. பாம்பாற்றுத் தண்ணீர். இதுவும் வராகநதி வழியாக வைகைக்குத்தான். வழியில் பாறையில் விழுந்த ஆழமான குழிகளுக்கு ஊர்க்காரர்கள் ஒவ்வொன்றாகப் பெயர் வைத்திருக்கிறார்கள்: யானைக்கெஜம், பாம்புக்கெஜம், அண்டாக்கெஜம், உரல்கெஜம்.

அந்தக் கடைசிப் பெயரை வைத்தவருக்கு நிலவியல் பட்டமே கொடுக்கலாம். பாறையில் ஒரு சின்னப் பள்ளத்தில் கூழாங்கல் ஒன்று மாட்டிக்கொள்கிறது. மேலிருந்து வரும் தண்ணீர் அதைச் சுழற்றுகிறது. கல் பாறையை அரைக்கிறது, தானும் தேய்கிறது. தேய்ந்து தீர்ந்ததும் அடுத்த வெள்ளத்தில் இன்னொரு கல் வந்து விழுகிறது. ஆட்டுக்கல்லில் குழவி சுற்றுவதைப் பார்த்த கண்ணுக்கு இதைப் படம் போட்டு விளக்க வேண்டியதில்லை. பல ஆயிரம் வருடம் இப்படி அரைத்துத்தான் ஆள் மூழ்கும் ஆழத்துக்குக் குழி விழுந்திருக்கிறது. சுவர் வழவழவென்று இருக்கும், கைக்குப் பிடி கிடைக்காது. கடலில் நீந்தித் தேறியவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். கடலில் உப்பு ஆளைக் கொஞ்சம் தூக்கிக் கொடுக்கும். இங்கே அந்தச் சலுகை கிடையாது. வனத்துறை கயிறு கட்டிய இடத்தில் நின்று குளித்தால் போதும்.

முதல்முறை அங்கே போனபோது, ராமேஸ்வரத்திலேயே பிறந்து வளர்ந்த என் அத்தை ஒரு கை அள்ளி வாயில் வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னது: "ஏண்டா, கரிக்கவே இல்லையே!"

✦

வைகையின் நீளம் 258 கிலோமீட்டர். பிறப்பது வருசநாட்டு மலைக்காடுகளில். அந்தக் காடுகளையும் சேர்த்துத்தான் 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. கோம்பைத்தொழுவுக்கு மேலே சின்னச் சுருளி அருவியைப் பார்க்கப் போகிறவர்கள் அந்தக் காட்டின் ஓரத்தில்தான் நடக்கிறார்கள். புலி இருந்தால் காடு இருக்கும், காடு இருந்தால் மழை பிடித்து நிற்கும். ஆக, முதுகுளத்தூர்ப் பக்கம் மிளகாய் போடுகிறவருக்கும் மேகமலைப் புலிக்கும் கொடுக்கல் வாங்கல் உண்டு. இருவரும் சந்திக்காமல் இருப்பது நல்லது.

✦

மேற்கே ஓடும் பெரியாற்றைக் கிழக்கே திருப்பலாம் என்ற யோசனை, அணை கட்டிய பென்னிகுக்குக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே ஒருவருக்கு வந்துவிட்டது. அவர் மதுரைக்காரர் இல்லை, தேனிக்காரரும் இல்லை. ராமநாதபுரம் சேதுபதி மன்னர் முத்துராமலிங்க சேதுபதியின் பிரதானி, முத்திருளப்ப பிள்ளை. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில், கடற்கரைச் சீமையில் கண்மாய் வறண்டு கிடந்த காலத்தில், 200 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள மலையை நினைத்தவர். திட்டம் ஆராயப்பட்டது. செய்யலாம், ஆனால் சமஸ்தானத்துக் கஜானா தாங்காது என்று கைவிடப்பட்டது.

1808-இல் கேப்டன் கால்டுவெல் என்ற பொறியாளர் போய்ப் பார்த்துவிட்டு, இது வெறும் கற்பனை, இனி யாரும் இதைப் பற்றிப் பேசவே வேண்டாம் என்கிற மாதிரி அறிக்கை எழுதிவைத்தார். பேசவே வேண்டாம் என்று சொன்ன திட்டம்தான் 1895 அக்டோபரில் அணையாகத் திறக்கப்பட்டது. கம்பம் பள்ளத்தாக்கில் பொங்கலுக்குப் பென்னிகுக் படம் வைத்துக் கும்பிடுகிறார்கள், வைக்கட்டும். பக்கத்தில் பிரதானிக்கும் ஒரு படம் வைத்தால் எங்களுக்கு மனசு ஆறும்.

✦

அந்தப் பெரியாற்றுத் தண்ணீர் தேக்கடியிலிருந்து சுரங்கம் வழியாக மலையைக் கடந்து தமிழகப் பக்கம் விழுகிறது. குமுளி மலைப்பாதையில் ஏறும்போது மேலிருந்து கீழே இறங்கும் ராட்சத இரும்புக் குழாய்களைப் பார்த்திருப்பீர்கள். லோயர் கேம்ப் மின்நிலையத்துக்குப் போகும் குழாய்கள். அருவியைக் குழாய்க்குள் அடைத்து வேலை வாங்குகிறார்கள். குழாய் கொள்ளாத சமயத்தில் தண்ணீரை வெளியே திறந்துவிடும் இடத்துக்குப் பெயர் இரைச்சல் பாலம். இதைவிடப் பொருத்தமாகப் பெயர் வைக்க முடியாது.

✦

காட்டு நடையில் பயப்படவேண்டியது புலிக்கல்ல, அட்டைக்கு. கடிப்பதே தெரியாது. எச்சிலில் உள்ள ஹிருடின் ரத்தத்தை உறையவிடாது, எனவே அட்டை விழுந்த பிறகும் கால் சிவந்துகொண்டே இருக்கும். நம் வாலிநோக்கம் உப்பில் ஒரு பிடி துணியில் முடிந்துகொள்ளுங்கள். ஈரமாக்கிக் காலுறையில் தேய்த்தால் ஏறத் தயங்கும். கடித்துக்கொண்டிருக்கும் அட்டைமேல் மட்டும் தூவவேண்டாம், வயிற்றிலிருப்பதைப் புண்ணிலேயே கக்கிவைக்கும். நகத்தால் பக்கவாட்டில் நெம்பினால் போதும்.

அட்டை எங்கள் கடலிலும் உண்டு. மன்னார் வளைகுடாவின் கடல் அட்டை 2001 முதல் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியோடு ஒரே பட்டியலில் இருக்கிறது. மலை அட்டை நம்மைப் பிடிக்கும். கடல் அட்டையை நாம் பிடித்தால் வனத்துறை நம்மைப் பிடிக்கும்.

✦

அருவிப் பக்கத்துக் காற்றில் மின்சாரம் இருக்கிறது. துளிகள் பாறையில் மோதிச் சிதறும்போது சுற்றியுள்ள காற்று எதிர்மின்னேற்றம் அடைகிறது. 1892-இல் இதை ஆராய்ந்து எழுதியவர் பிலிப் லெனார்ட். 1905-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது, ஆனால் வேறு வேலைக்காக.

✦

தெளிவாக விழுந்துகொண்டிருந்த தண்ணீர் திடீரென்று செம்மண் நிறத்துக்கு மாறுகிறதா? சருகும் சுள்ளியும் மிதந்து வருகின்றனவா? சத்தம் கனக்கிறதா? துண்டு, செருப்பு, செல்போன் எதையும் தேடாமல் மேடேறுங்கள். உங்கள் தலைக்கு மேல் வெயில் அடிப்பது கணக்கில்லை, மலைக்கு மேல் பெய்தால் போதும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் அப்படித்தான் நொடியில் வெள்ளம் வந்து 17 வயதுப் பையனைக் கொண்டுபோனது. கோடையில் வேறொரு ஆபத்து. 2018 மார்ச் 11-இல் குரங்கணி மலையில் பற்றிய காட்டுத்தீயில் மலையேறப் போன 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அனுமதிச்சீட்டு இல்லாத பாதையில் "நான் கூட்டிப்போறேன் சார்" என்று யார் கூப்பிட்டாலும் வேண்டாம்.

✦

குற்றாலம் பேரருவி நேராகக் கீழே வந்து விழுவதில்லை. நடுவழியில் ஒரு பாறைத் தொட்டியில் விழுந்து, பொங்கி, வேகம் தணிந்து பிறகு நம் தலைமேல் கொட்டுகிறது. அந்தத் தொட்டி மட்டும் இல்லையென்றால் கீழே யாரும் நின்று குளிக்க முடியாது. அதன் பெயர் பொங்குமாகடல். மலைமேல் கடல்! பெயர்ப் பொருத்தம் வீண்போகவில்லை. இந்த அருவித் தண்ணீர் ஓடும் சிற்றாறு தாமிரபரணியில் சேர்ந்து புன்னைக்காயலில் கலப்பது எங்கள் மன்னார் வளைகுடாவில்தான்.

✦

ராமேஸ்வரத்தில், அருவிக்குப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவர்கள் கப்பலிலிருந்து இறங்கிய காலம் ஒன்று இருந்தது. இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன தமிழர்களைக் கடல் கடக்குமுன் நிறுத்திச் சோதித்த இடம் மண்டபம் முகாம். 1964 அக்டோபரில் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியா ஏற்கவேண்டும் என்றது. அவர்களில் பெரும்பாலோர் தலைமன்னாரில் 'ராமானுஜம்' கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் வந்து இறங்கினார்கள். தலவாக்கலைப் பக்கம் லயத்து வீட்டு வாசலில் நின்றாலே டெவன் அருவியும் சென் கிளேயர் அருவியும் தெரியும் தோட்டங்களிலிருந்து வந்தவர்களும் அவர்களில் உண்டு. உடைமரமும் வெண்மணலும் உப்புக்காற்றும் அவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்! சென் கிளேயரிலும் இப்போது பழைய தண்ணீர் இல்லை, மேல் கொத்மலை நீர்மின் திட்டத்துக்குப் போய்விட்டது.

✦

தனுஷ்கோடியில் கடலுக்கு நாலெட்டுத் தள்ளி மணலைக் கையால் தோண்டினால் குடிக்கத் தண்ணீர் ஊறும். மழைநீர் மணலில் இறங்கி, கனமான உப்புத்தண்ணீர்மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. ஆசைப்பட்டு ஆழமாகத் தோண்டினாலோ மோட்டார் வைத்து உறிஞ்சினாலோ உப்பு மேலேறிவிடும். சிரட்டையால் மொண்டு குடத்தில் ஊற்றும் பெண்களுக்கு இது யாரும் சொல்லித் தராத பாடம்.

✦

அருவி இல்லாத ஊரில் அருவிக்குளியல் வேண்டுமா? ராமேஸ்வரம் கோயிலுக்குள் 22 தீர்த்தம். கிணற்றுக் கட்டைமேல் ஏறி நிற்பவர் வாளியை விட்டு இறைத்த வேகத்தில் தலையில் கவிழ்ப்பார். கண்ணைத் துடைப்பதற்குள் அடுத்த கிணறு. 22-ஆவதான கோடி தீர்த்தம் முடியும்போது காது அடைத்து, குற்றாலத்திலிருந்து வந்தவன் மாதிரியே நிற்பீர்கள்.

✦

கும்பக்கரையிலிருந்து கிளம்பும்போது அத்தை ஒரு ஐந்து லிட்டர் கேனில் அருவித் தண்ணீர் பிடித்துக்கொண்டார். வேன் ஓட்டி வந்த எங்கள் ஊர்த் தம்பி சிரித்தான். "ஏம்மா, எதுக்குத் தூக்கிச் சொமக்குறீக? வைகையில தானா வந்துரும்ல?"

"ஆமா, வந்துச்சு!" என்று அத்தை கேனை மடியில் வைத்துக்கொண்டார். பரமக்குடி தாண்டும்போது பார்த்தேன், ஆற்றில் மாடு மேய்ந்துகொண்டிருந்தது.