காலுக்கு ஒரு சும்மாடு



தலையில் தண்ணீர்க் குடம் சுமந்து வருபவர்களைப் பார்த்திருக்கிறீர்களா? குடத்துக்கும் தலைக்கும் நடுவே பழைய துணியைச் சுருட்டி வட்டமாக வைத்திருப்பார்கள். அதற்குச் சும்மாடு என்று பெயர். குடத்தின் அடிப்பாகம் உருண்டை, தலையும் உருண்டை. இரண்டும் தொடுவது ஒரு சிறிய இடத்தில்தான். முழுப் பாரமும் அங்கேயே இறங்கினால் தலை வலிக்கும். சும்மாடு அந்தப் பாரத்தை வாங்கிச் சுற்றிலும் பரப்பிவிடுகிறது. பாரம் குறையவில்லை, தாங்கும் இடம்தான் அகலமாகிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். தலை புண்ணான பிறகு யாரும் சும்மாடு தேடுவதில்லை. முதலில் சும்மாடு, பிறகுதான் குடம்!

நம் காலுக்கும் இப்படி ஒரு சும்மாடு உண்டு. செருப்புக்குள்ளும் ஷூவுக்குள்ளும் வைக்கும் மெத்தை போன்ற உள்பாதம்தான் அது. அதைக் காலத்தோடு வைக்காததால் என் அண்ணன் பட்ட பாட்டை முதலில் சொல்கிறேன்.

அண்ணனுக்குப் பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். மருத்துவர் ஒருநாள் அவரைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, ஒரு நைலான் இழையால் உள்ளங்காலில் பல இடங்களைத் தொட்டார். 10 கிராம் அழுத்தத்தில் வளைகிற இழை அது. பல இடங்களில் அண்ணனுக்கு ஒன்றுமே தெரியவில்லை.

"காலில் உணர்ச்சி குறைந்துவிட்டது. மெத்தை வைத்த தனிச் செருப்பு போட ஆரம்பியுங்கள்" என்றார் மருத்துவர்.

அண்ணன் கேட்கவில்லை. "வலியே இல்லாத காலுக்கு வைத்தியமா?" என்று சிரித்தார்.

சில மாதங்கள் போயின. ஒருநாள் அவர் வீட்டுக்குள் ரப்பர் செருப்போடு நடந்துகொண்டிருந்தார். அப்போது பேத்தி கேட்டாள், "தாத்தா, நீங்க நடந்தா 'டக் டக்'னு ஒரு சத்தம் வருதே, என்ன அது?" செருப்பைத் திருப்பிப் பார்த்தால் ஓர் ஆணி! அடியில் குத்தி, செருப்பைத் துளைத்து, காலுக்குள்ளும் ஏறியிருந்தது. எத்தனை நாளாக அப்படி நடந்தாரோ, அவருக்கே தெரியாது. புண் எலும்பு வரை போயிருந்தது. கடைசியில் இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று.

வலி இல்லை என்று அண்ணன் சந்தோஷப்பட்டார். ஆனால், வலி இல்லாததுதான் அவருடைய நோய்!

கொல்லிமலையில் பிறந்த டாக்டர்

இந்த உண்மையை உலகுக்கு எடுத்துச் சொன்னவர்களில் முக்கியமானவர் டாக்டர் பால் பிராண்ட். ஆங்கிலேயப் பெற்றோருக்கு 1914-ம் ஆண்டு நம் கொல்லிமலையில் பிறந்தவர். லண்டனில் மருத்துவம் படித்துவிட்டு, 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவைச் சிகிச்சை நிபுணராக வந்தார்.

அந்தக் காலத்தில் தொழுநோய் வந்தால் கைகால் விரல்கள் தாமாகவே அழுகி விழுந்துவிடும் என்று மக்கள் நம்பினார்கள். பிராண்ட் நோயாளிகளைப் பொறுமையாகக் கவனித்தார். அந்த நோய் நரம்புகளைக் கெடுக்கிறது. அதனால் வலி தெரியாமல் போகிறது. வலி தெரியாததால் சுட்டாலும் குத்தினாலும் கையையும் காலையும் எடுக்கத் தோன்றுவதில்லை. விரல்கள் அழிவதற்குக் காரணம் இப்படிச் சேரும் காயங்களே என்று கண்டார்.

நமக்கு ஷூவுக்குள் ஒரு சிறு கல் புகுந்தால் என்ன செய்வோம்? உடனே நொண்டுவோம், கல்லை எடுத்து எறிவோம். வலி தெரியாதவர் நொண்டமாட்டார். அதே இடத்தில் மறுபடியும் மறுபடியும் மிதித்துக்கொண்டே இருப்பார். புண் வந்தாலும் அதன்மேலேயே நடப்பார்.

மாவுக்கட்டு போட்டால் அந்தப் புண்கள் ஆறின. கட்டைப் பிரித்து வீட்டுக்கு அனுப்பினால், சில நாளில் அதே புண்ணோடு திரும்பி வந்தார்கள். புண்ணை ஆற்றினால் மட்டும் போதாது, புண் வராமல் தடுக்க வேண்டும் என்று பிராண்டும் அவருடைய குழுவினரும் செருப்பு பற்றி ஆராயத் தொடங்கினார்கள். அறுவைச் சிகிச்சை நிபுணர் செருப்பைப் பற்றிக் கவலைப்பட்டது எவ்வளவு பெரிய விஷயம், பாருங்கள்!

பல பொருள்களைச் சோதித்தார்கள். நல்ல பலன் தந்தது மைக்ரோ செல்லுலர் ரப்பர். சுருக்கமாக எம்.சி.ஆர். இந்த ரப்பருக்குள் கண்ணுக்குத் தெரியாத குட்டிக் குட்டிக் காற்றறைகள் நிறைய இருக்கும். மிதித்தால் அமுங்கும், காலை எடுத்தால் பழையபடி எழும். பாதத்தின் பாரத்தை ஒரே இடத்தில் இறங்கவிடாமல் பரப்பும். சும்மாடு செய்கிற அதே வேலைதான்!

மெத்தை மட்டும் இருந்தால் முள் ஏறிவிடுமே? அதனால் அடியில் கடினமான அட்டை வைக்கிறார்கள். செருப்பு கழன்று விழுந்தாலும் உணர்ச்சியற்ற காலுக்குத் தெரியாது. அதனால் குதிகாலைச் சுற்றி ஒரு வார். ஆணி அடிக்காமல் ஒட்டியும் தைத்தும் செய்கிறார்கள். இன்று தொழுநோயை மருந்தால் முழுமையாகக் குணப்படுத்திவிடலாம். ஆனாலும், உணர்ச்சி இழந்த கால்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் இந்தச் செருப்பு இன்றும் உதவுகிறது.

ஒருமுறை இங்கிலாந்தில் நீண்ட ரயில் பயணம் முடிந்து இரவில் காலுறையைக் கழற்றியபோது, பிராண்டுக்குக் குதிகாலில் உணர்ச்சியே இல்லை. ஊசியால் குத்தினார், வலிக்கவில்லை. 'எனக்கும் தொழுநோய் வந்துவிட்டதோ!' என்று இரவெல்லாம் தூங்கவில்லை. காலையில் மறுபடியும் குத்தினார். சுரீரென்று வலித்தது! ரயிலில் ஒரே மாதிரி உட்கார்ந்து வந்ததால் நரம்பு மரத்திருந்தது, அவ்வளவுதான். அன்று ஊசி குத்திய வலிக்காக அவர் கடவுளுக்கு நன்றி சொன்னார்.

உங்கள் கால் எப்படி?

உங்களுக்கு வலி என்ற மணி நன்றாகவே அடிக்கும். அடித்தால் மறைக்காதீர்கள்.

8 முதல் 14 வயது வரை குதிகால் எலும்பு வளர்ந்துகொண்டிருக்கும். அதிகம் ஓடி விளையாடினால் அங்கே வலி வரலாம். 'சொன்னால் டீமிலிருந்து எடுத்துவிடுவார்கள்' என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஓடாதீர்கள். அம்மா அப்பாவிடம் சொல்லுங்கள். சில நாள் ஓய்வு, சில பயிற்சிகள், தேவையானால் ஷூவுக்குள் ஒரு குதிகால் மெத்தை என மருத்துவர் சொல்வார். பெரும்பாலும் சரியாகிவிடும்.

ஈரக்காலோடு தரையில் நடந்து தடத்தைப் பாருங்கள். நடுவில் வளைவே இல்லாமல் முழுப் பாதமும் பதிகிறதா? பயப்பட வேண்டாம். நுனிக்காலில் நிற்கும்போது வளைவு தெரிந்து, வலியும் இல்லை என்றால் பெரும்பாலும் ஒன்றும் செய்யத் தேவையில்லை. வலி இருந்தால் மட்டும் மருத்துவரிடம் காட்டுங்கள். நீங்களாகவே கடையில் மெத்தை வாங்கி வைக்காதீர்கள்.

இன்றைய வீட்டுப்பாடம்

வீட்டில் தாத்தா, பாட்டி யாருக்காவது சர்க்கரை நோய் இருக்கிறதா? அவர்களால் குனிந்து உள்ளங்காலைப் பார்க்க முடியாது. உங்களால் முடியும்.

* தினமும் இரவு அவர்களின் உள்ளங்காலையும் விரல் இடுக்குகளையும் பாருங்கள்.

* சிவப்பு, கொப்புளம், வெடிப்பு, காயம் தெரிந்தால், வலிக்கவில்லை என்றாலும் உடனே பெரியவர்களிடம் சொல்லுங்கள்.

* அவர்கள் செருப்பு போடும் முன் அதைத் தட்டி, உள்ளே கை விட்டுப் பாருங்கள்.

* வெறுங்காலோடு நடக்க விடாதீர்கள், வீட்டுக்குள்ளும்தான்.

* மெத்தை அமுங்கித் தட்டையாகிவிட்டால் மாற்றச் சொல்லுங்கள்.

எனக்கும் இப்போது சர்க்கரை இருக்கிறது. என் காலில் இன்னும் புண் இல்லை. உணர்ச்சி குறைகிறது என்று மருத்துவர் சொன்ன அன்றே எம்.சி.ஆர். செருப்பு வாங்கிவிட்டேன். "என்ன தாத்தா, இவ்வளவு குண்டான செருப்பு!" என்று கேலி செய்த என் பேரன்தான், இப்போது தினமும் இரவு டார்ச் விளக்கோடு என் காலைப் பார்க்கிறான்.

இன்று இரவு நீங்களும் பார்ப்பீர்கள்தானே?